செவர்ன் கரையில் இரண்டு கட்டில்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ பகுதியில், நாங்கள் சிஞ்ஞோரா, அதாவது அம்மையார், என்று அழைத்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரின் வீட்டில் நானும் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்காவும் வேலை செய்தோம். அக்கா சமைப்பார். பட்டதாரியான நான், வீட்டைத் துடைத்து முடித்தபின், சிஞ்ஞோராவுக்கு ஓர் ஆங்கிலப் பயண நூலை இத்தாலிய மொழியில் வாசித்துச் சொல்வேன். இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிய நூல் அது. இரும்பில் கட்டப்பட்ட முதல் பெரிய பாலம், அணைந்துபோன உலைகள், தொழிலாளர் குடியிருப்புகள், ஆற்றைப் பார்த்திருக்கும் சிறு விடுதிகள் என அதன் பக்கங்கள் விரியும்.

காலமெல்லாம் வகுப்பில் கற்பித்த அந்தப் பாலத்தைச் சிஞ்ஞோரா கண்டதில்லை. முழங்கால் அறுவைக்கு முன் கண்டுவிட விரும்பினார்; தனியே அனுப்ப மகன்மார் இணங்கவில்லை. எங்கள் பெர்மெசோ எனும் வதிவிட அனுமதி புதுப்பிப்பில் இருந்ததால் நாங்களும் துணைக்குப் போக இயலவில்லை.

மாடியேறத் தேவையில்லாத அறையை நான் நூலில் தேடிக்கொண்டிருக்க, அக்கா ஒருவரையும் கேளாமல் பர்மிங்காமிலுள்ள தன் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

"சொந்தக்காரர் இருக்கேக்கை விடுதி எதுக்குத் தம்பி? மச்சாள் மேல் அறையைக் கழுவிக் கட்டிலும் போட்டிட்டாள்."

"மேல் அறையோ? அக்கா, அவவின்ரை முழங்கால்!"

"ஐயோ, அதை யோசிக்கேல்லை."

சிஞ்ஞோரா நெகிழ்ந்துதான் போனார். ஆயினும், அந்த ஆற்றின் ஓசையில் ஓர் இரவாவது உறங்கவேண்டும் என்றார்.

முகமறியாத ஒருவருக்குக் கட்டில் போடும் மனத்தை இன்றும் வியக்கிறேன். அன்று அதுவே என்னைத் தடுமாற வைத்தது. மறுத்தால் மச்சாளின் மனம் நோகும். ஏற்றால் சிஞ்ஞோராவின் ஆசை உபசரிப்பில் அமுங்கிவிடும். இறுதியில் நானே பேசி உள்ளதைச் சொன்னேன்.

மறுமுனையில் சிரிப்பு எழுந்தது. "அதுக்கென்ன தம்பி? விடுதியிலை ரெண்டு கட்டில் கேளும், நானும் வாறன். இவ்வளவு காலம் இஞ்சை இருந்தும் அந்தப் பாலத்தை எட்டிப் பாக்கேல்லை."

துணை கிடைத்ததும் மகன்மார் சம்மதித்தனர். ஆற்றோர விடுதியொன்றில் கீழ்த்தள அறை அமைந்தது. சிஞ்ஞோராவின் பெட்டிக்குள் அக்கா மச்சாளுக்கென மிளகாய்த்தூள் பொதி ஒன்றையும் திணித்தார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை மச்சாளின் அழைப்பு வந்தது. நானும் கேட்கும்படி அக்கா தொலைபேசி ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தார்.

"மச்சாள், உன்ரை சிஞ்ஞோரா பாலத்துக்கு நடுவிலை நிண்டு, தடியாலை காட்டிக் காட்டி எனக்கு இத்தாலியன்லை பாடம் எடுத்தவா. ஒரு சொல்லும் விளங்கேல்லை."

"பிறகு என்னடி செய்தனி?"

"முடியுமட்டும் நிண்டு கேட்டுப்போட்டுக் கை தட்டினன். நாளைக்கு உலையடியிலையாம் பாடம்."