இருமிட்டாரு என்று சொன்ன பொய்

சயரோகத்தில் கெட்டுப்போன நுரையீரலின் ஒரு பகுதியை எடுப்பதற்காக, சங்கு குளிக்கும் என் கணவரைப் பாம்பனில் ரயிலேற்றி வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆபரேஷன் முடிந்ததும், மணிக்கொரு தரம் அவரை உட்காரவைத்து இருமச் செய்து சளியை வெளியேற்றச் சொன்னார் நர்ஸ்.

தையல் வலியில் அவர், "ஏலாது புள்ள, விட்டுரு" என்று கெஞ்சினார். மூன்று நாளாக எனக்கும் தூக்கமில்லை, விட்டுவிட்டேன். நர்ஸ் கேட்டபோது, "இருமிட்டாரும்மா" என்றேன்.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது, மூச்சு திணறியது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். நர்ஸ் திட்டவில்லை. தையல்மேல் தலையணையை அழுத்திப் பிடித்து அவரை இருமவைத்தார். கட்டிகட்டியாகச் சளி வந்தது. "நீ போயிக் கொஞ்சம் படு தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

என் கணவர் பிழைத்து ஊர் திரும்பினார். அவர் வலியைப் பார்க்கச் சகிக்காமல்தான் இருமவைக்காமல் விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதி என் அலுப்பு.