ஜூலியேத் கடையில் கூச்சத்துக்கு இடமில்லை

கருத்தடை மாத்திரை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இருபத்தொண்ணுலதான் மருந்து. கடைசி ஏழும் வெறும் சத்து மாத்திரை. விளங்குதா?" என்று கேட்கிறார் ஜூலியேத். கேட்ட பெண்ணுக்கு விளங்கிவிட்டது. வரிசையில் நிற்கும் எங்களுக்கும் விளங்கிவிட்டது. வாசலில் நிற்கும் கிராப் வாடகை பைக் ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது, பிழைத்தார்.

வியட்நாமில், தாவோ தியென் பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்துப் பின்சந்தில் இருக்கிறது ஜூலியேத்தின் மருந்துக் கடை. அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாம்காரி. ஐம்பத்தெட்டு வயதாகியும் இந்த ஊரை விட்டு நகர்ந்ததில்லை. ஆனால் தமிழ் மட்டும் காரைக்காலிலிருந்து நேற்று வந்திறங்கியது போலப் பேசுவார். கணவரின் வேலைக்காக இங்கே வந்த நம் பெண்களுக்கு அவர்தான் கதி. வியட்நாமிய மொழியில் கேட்கத் தெரியாததையும், ஊரில் யாரிடமும் கேட்க முடியாததையும் இங்கே கேட்டுக்கொள்ளலாம். பதில் மட்டும் உரக்க வரும்.

"நேத்து ஒண்ணு மறந்துட்டேன்க்கா."

"ஞாபகம் வந்ததும் போட்டுக்க. இன்னிக்குள்ளதை இன்னிக்கு வேளைக்குப் போட்டுக்க."

"வருஷக்கணக்கா போட்டா கர்ப்பப்பை காஞ்சுடுமாமே?"

"எவ சொன்னா? காயறதுக்கு அது என்ன செடியா? நிறுத்துனா மறுமாசமே தங்கலாம். சிலருக்கு நாலஞ்சு மாசம் ஆகும்."

நான் ரத்த அழுத்த மாத்திரைக்காகப் போகிறவன். இப்படிப்பட்ட நேரங்களில் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஓர் இருமல் மருந்தின் லேபிளை முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அங்கே வருகிறவர்களில் சீதாலட்சுமி கொஞ்சம் வேறு மாதிரி. கணவர் ராஜுவுக்கு, பக்கத்திலுள்ள பின் யுவோங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. வேலை நிலைக்கட்டும் என்று மூன்று வருடம் மாத்திரை போட்டுவிட்டு, தீபாவளியோடு நிறுத்தினாள். அன்று முதல் மாதாமாதம் வந்து ஒரே கேள்வி: "நானே கெடுத்துக்கிட்டேனாக்கா?" இதற்கு மட்டும் ஜூலியேத்தின் குரல் தணியும். "இல்லடி தங்கச்சி. பொறு."

போன செவ்வாய்க்கிழமை அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, தள்ளிப்போடற மாத்திரை குடுங்க. வெள்ளிக்கிழமை பூசம். குழந்தைக்காகப் பால்குடம் வேண்டியிருக்கேன். அன்னிக்குப் பார்த்து வந்துடுச்சுன்னா?"

கோயில் விசேஷம் வந்தால் நம் பெண்கள் அந்த மாத்திரையைத் தேடி வருவது ஜூலியேத்துக்குப் பழக்கம். கை தானாக இழுப்பறைக்குப் போனது. "நாள் என்னிக்கு?"

"வந்திருக்கணும். வரலை. என் ராசிக்குப் பூசத்தன்னிக்குத்தான் வந்து நிக்கும்."

"எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள்."

இழுப்பறை படாரென்று மூடியது. "மோன் தியே! ஆண்டவரே! வராததையா தள்ளிப்போடப் போறே? இப்போ அந்த மாத்திரையைத் தொடவே கூடாது!" பரிசோதனைப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் திணித்து, பின்கட்டைக் காட்டினார்.

"இல்லக்கா, மாத்திரையை நிறுத்தினதுல தாறுமாறாயிடுச்சு, அவ்வளவுதான்."

"அதை அது சொல்லட்டும். போ!"

ஐந்து நிமிடம். ஜூலியேத் மேசையை மூன்று முறை துடைத்தார். எனக்கு மாத்திரையை இரண்டு முறை கொடுத்தார். வரிசையில் இருந்த வியட்நாமியப் பெண்மணி என்ன விஷயம் என்று கேட்க, இவர் சொல்ல, மருந்து வாங்கியவர்கள்கூட நகரவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அந்த இரண்டு மாத்திரையும் போதாது.

சீதாலட்சுமி பரிசோதனைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு கோடு தெரியுதுக்கா."

ஜூலியேத் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். பிறகு வியட்நாமிய மொழியில் கடைக்கே அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வெட்கத்தை விட்டுத் தட்டினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்போ, பால்குடம் எடுக்கலாமாக்கா?" என்றாள் அவள், அழுதுகொண்டே.

ஜூலியேத் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவள் முகத்தை நிமிர்த்தி, நெற்றிக் குங்குமம் கலையாமல் அதற்கு மேலே, கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார்.