தலைவருக்கு ஒரு நகல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கட்சியின் மாநில மகளிர் பிரிவுச் செயலாளர். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு நடக்கும் அநியாயங்களைத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதி, பின்னாலேயே போய் நின்று நடவடிக்கை எடுக்க வைப்பது என் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமும் தந்திருந்தார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள்; இறங்கியதும் எல்லாருக்கும் தேநீர் வந்ததா என்று பார்க்கச் சொல்வார்கள்.

கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான்கு மாதக் கர்ப்பம். அங்கே வயிறு தெரிந்தால் வேலை போய்விடும். ஏற்கெனவே மூன்று பேரை அனுப்பியிருந்தார்கள். இவள் கணவன் லோரியிலிருந்து விழுந்து வீட்டில் கிடந்தான். வேலை போனால் அடுப்பு எரியாது. இலாகா அதிகாரிகள் சோதனைக்குப் போகும்வரை தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கெஞ்சினாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

அன்றே அவள் பெயரைப் போட்டு இலாகாவுக்குக் கடிதம் அடித்தேன். எங்கள் கட்சியில் எந்தக் கடிதம் போனாலும் தொகுதித் தலைவருக்கு ஒரு நகல் போக வேண்டும். போகாவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கை பழகிய பழக்கத்தில் நகலை அவர் மேசையில் வைத்துவிட்டேன். அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவரே அவர்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வைத்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இலாகா அதிகாரிகள் சோதனைக்குப் போவதற்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன், விலகுகிறேன் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"நீ வெளிய போய்ட்டா இந்தப் பொம்பளைங்களுக்கு யாரும்மா லெட்டர் எழுதுவா?"

கட்சி முத்திரை இல்லாமல் என் கடிதத்தை இலாகாவில் யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள். முத்திரையோடு போனால் ஒவ்வொரு பெயரும் அவர் மேசைக்கும் போகும். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இருந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்துத் தேர்தல் நேரம். கிள்ளான் பாசாரில் தலைவர் முன்னே நடக்க, நான் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு போனேன். காய்கறிக் கடையில் அவள் நின்றாள். வேறு தொழிற்சாலைச் சீருடை, அதற்கு மேல் பெரிய சட்டை. மறுபடியும் வயிறு. அங்கேயும் அதே கதைதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கா. நீங்க என்னைப் பாக்கவே இல்லன்னு போய்டுங்க லா. அது போதும்."

தலையாட்டினேன். அடுத்த கடைக்குப் போய், கும்பிட்டு, ஓட்டுக் கேட்டேன்.