வரைபடத்தில் இல்லாத வாசல்

“வாசல்லதாண்ணே நிக்கேன். உங்க வண்டியக் காணலியே” என்று அந்த அக்கா போனில் சொன்னபோது நானும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். கர்க்கடக மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் முன்னால் இழுத்துப் பூட்டிய ஷட்டர். அருகில் நர்ஸ் அதைக் கையால் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

மட்டாஞ்சேரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். எங்கள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது. வீட்டில் தமிழ், வண்டியில் மலையாளம். அன்று அழைப்பை எடுத்தவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்த சேச்சி. அதுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். பஜாரில் ஒரு பழைய மசாலா கிடங்கு, மாடியைத் தடுத்துப் பல குடும்பங்கள் குடியிருக்கின்றன, கட்டட வேலைக்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றார். திரையில் கட்டடத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி சொன்ன இடத்துக்குச் சரியாகத்தான் வந்திருந்தோம். மேலே ஏறத்தான் வழியில்லை.

“அவரோட பாரியா லைன்ல உண்டு. பேடிச்சுப் போய் வேகமா தமிழ் பேசறா, எனக்கு மனசிலாகல. நீ கேளு” என்று சேச்சி அவர் மனைவியை என்னோடு இணைத்துவிட்டார்.

“அக்கா, உங்க முன்னால என்ன தெரியுது?”

“தண்ணி. படகு கெடக்குண்ணே.”

காயல் பக்கம். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வாசல் இருந்தது, மாடிப்படி அங்கேதான். வண்டி நுழையாத சந்து. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈரக் கல்லில் நர்ஸ் ஒருமுறை விழுந்து எழுந்தார். “ஓடு, ஓடு” என்று என் காதில் சேச்சியின் குரல் கூடவே வந்தது. மேலே போனபோது அந்த மனிதரின் கை இன்னும் சூடாக இருந்தது. நர்ஸ் வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். பயனில்லை. போனை யாரும் துண்டிக்கவில்லை. அக்கா அலறியதை அந்தப் பக்கம் சேச்சி முழுவதும் கேட்டிருக்கிறார்.

அதன்பிறகு சேச்சி அலுவலகத்தில் யாரையும் சும்மா விடவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் திரையில் கட்டடங்களின் உருவமும் எண்ணும் இருந்தன. வாசலும் படியும் இல்லை. “கட்டடத்துக்கு நம்பர் உண்டு. ஆள் எது வழி ஏறும்?” என்பதையே ஒவ்வொரு மேசையிலும் கேட்டிருக்கிறார். கடைசியில் வரைபடக்காரர்களை அனுப்பச் சம்மதித்தார்கள். முதல் கட்டடமான அந்தக் கிடங்குக்குச் சேச்சியே அவர்களோடு வந்தார். தமிழ் பேச என்னையும் அழைத்திருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளமான, மூச்சிரைக்கிற பெண்மணி.

அக்கா ஊருக்குப் போகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கயிற்றை விடாமல், “இப்ப எதுக்கு இது?” என்றார்.

நான் மொழிபெயர்க்குமுன்பே சேச்சிக்குப் புரிந்துவிட்டது. அவர் அடுத்த அறையைப் பார்த்து, “அவிடெயும் ஆளுண்டல்லோ” என்றார். அங்கே யாரோ ஒரு பெண் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா கயிற்றைக் கீழே போட்டார். எங்களோடு படியிறங்கி வந்து, வரைபடக்காரர் நீட்டிய திரையில் காயலோரம் விரலை வைத்தார். “இங்கதான் நின்னேன்.”

வாசல் அங்கே குறிக்கப்பட்டது.

சேச்சி ஓய்வுபெற்று இப்போது இடப்பள்ளியில் மகளோடு இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அதே மாடியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, ரத்தப்போக்கு. பின்வாசல், இடப்பக்கப் படி, இரண்டாவது கதவு என்று திரையிலேயே இருந்தது. சந்து முனையில் வண்டியை நிறுத்தி நேராக மேலே போனோம். அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் படியிறக்கும்போது அவள் கணவனைக் காணவில்லை. வண்டிக்கு வழிகாட்டுவதற்காக அவன் பஜார் பக்கம் ஓடி, மழையில் நனைந்துகொண்டு, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றிருந்தான். நாங்கள்தான் ஆள் அனுப்பி அவனைக் கூட்டிவர வேண்டியிருந்தது.