அடுப்பு தெரியும் கட்டில்: காசிம் பாய் நினைவாக

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மிளகு வாங்க மலையேறி வரும் வியாபாரி ஒருவர் போன புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். தோள் பையைக்கூட இறக்காமல், "டாக்டரம்மா, காசிம் பாய் மவுத்தாயிட்டாருங்க" என்று அவர் இறந்த செய்தியைச் சொன்னார். நான் ஒரு குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைப் பார்த்து முடித்தேன், மருந்தும் எழுதினேன். அன்று முழுவதும் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேனாம், பிறகு சொன்னார்கள்.

அடிவாரத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழில் பிடிக்காமல், எங்கள் மலை ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக வந்து சேர்ந்து, கடைசியில் அடிவாரத்துக்கே திரும்பிவிட்டவர் அவர். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் போட்ட கட்டு நினைவிருக்கும். நான் சொல்ல வந்தது அவர் கட்டிய வார்டைப் பற்றி. அதில் என் தப்பு ஒன்று புதைந்திருக்கிறது. அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார், எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியிலிருந்து வெள்ளையம்மாளைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். ஒரே மழைக்காலத்தில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். தன் உயிரையும் முடித்துக்கொள்ளப் பார்த்திருந்தாள். உடம்பைத் தேற்றிவிட்டேன். மறுபடி அப்படி ஏதும் செய்துகொள்ளக் கூடாதே என்று, நானே யோசித்து ஒழித்து வைத்த தனி அறையில் அவளைப் போட்டேன். தடித்த கதவு, எட்டாத உயரத்தில் ஜன்னல், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். புருஷனைக்கூட உள்ளே விடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது சட்டப்படி குற்றம் என்பதால் வாசலில் ஒரு போலீஸ்காரர் வேறு. மூன்று நாளாக அவள் ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. நானோ அவளைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அவளைக் குளிக்க அழைத்துப் போன நேரத்தில் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தால், காசிம் பாய் அவள் கட்டிலில் நீட்டிப் படுத்திருக்கிறார்! வேலை நேரத்தில் தூக்கமா என்று கத்தினேன்.

"தூங்கலீங்க டாக்டரம்மா, பாக்கறேனுங்க. இங்க படுத்தா ஒரு மனுச மூஞ்சிகூடத் தெரியலீங்க" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க, இந்த மலையில தப்புப் பண்ணினவங்கள ஊரு தள்ளி வெச்சா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"பேச மாட்டாங்க. அடுப்புக்கு நெருப்புக் குடுக்க மாட்டாங்க. ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாங்க. நாமளும் அதத்தானுங்க பண்ணியிருக்கோம். புள்ளைங்க செத்தது தன் குத்தம்னு அந்தப் பொண்ணு நெனச்சுக் கெடக்குது. இப்ப டாக்டரம்மாவும் ஆமான்னு தள்ளி வெச்சுட்டாங்கன்னு நெனைக்குது."

கட்டுப்போடுகிறவர் எனக்குப் பாடம் நடத்துவதா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் இந்த மலை வீடுகளுக்குள் நான் எத்தனை முறை குனிந்து நுழைந்திருக்கிறேன்! ஒரே அறை, அதில் அடுப்பு, அதைச் சுற்றித்தான் எல்லாருக்கும் படுக்கை. கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று.

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சமைத்துக்கொள்ள ஒரு நீளமான கொட்டகை இருந்தது. காசிம் பாய் அன்றே அதன் ஒரு பாதியை ஒழித்து, "எங்க படுக்கறே, நீயே சொல்லு கண்ணு" என்று அவளைக் கேட்டுக் கட்டிலைப் போட்டார். அடுத்த சில மாதங்களில் அதையே வார்டாக மாற்றினார். நெருப்பில் யாரும் விழாமலும் கட்டிலிலிருந்து அடுப்பு தெரியவும், அதைச் சுற்றி முழங்காலளவு மண்சுவர் வைத்தார். படுத்தபடியே காடும் களத்துமேடும் தெரிகிற அளவுக்கு ஜன்னலை இறக்கினார். மருந்து அலமாரியையும் கத்தி கத்தரிகளையும் என் அறைக்கு மாற்றிப் பூட்டுப் போடச் சொன்னார். "எட்டக் கூடாதது எட்டாம இருக்கட்டுங்க. மனுசங்க மட்டும் கையெட்டற தூரத்துல இருக்கோணும்" என்பார். போலீஸ்காரரையும் அவர் விடவில்லை. "வெளிய நின்னு என்னத்தக் காவல் காக்கறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் பெண்களோடு மொச்சை உரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று நான் அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கொட்டகைக்கு மாறிய மறுநாள் காலையில் காசிம் பாய் கட்டிலருகே குந்தி உட்கார்ந்து நேராகவே கேட்டார்: "கண்ணு, சாகோணும்னு இன்னும் தோணுதா?" எனக்குப் பகீரென்றது. அவரை வெளியே இழுத்துப் போய்த் திட்டினேன்.

"கேட்டா அந்த நெனப்பு வந்துருமுன்னு பயப்படறீங்க. அது வந்துதானுங்க இங்க படுத்திருக்குது. கேட்டாத்தான் பாரம் எறங்கும்" என்றார்.

உள்ளே திரும்பிப் போனபோது அவள் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "தோணுது சாயபு" என்றாள். பிறகு பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்து மத்தியானம் வரை பேசினாள். அதன்பின் சாமைக் கஞ்சி கொஞ்சம் குடித்தாள். "நாளைக்குக் காத்தால அடுப்ப நீதான் பத்த வெக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

மறுநாள் அவள் பற்றவைத்தாள். மற்ற நோயாளிகளின் வீட்டார் அவளிடம் வந்துதான் நெருப்பு எடுத்துப் போக வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் போய்க் கேட்டவர் காசிம் பாயே. ஆயுளில் பீடி தொட்டறியாத மனிதர், யாரிடமோ வாங்கிய பீடியை அவள் கொடுத்த கொள்ளியில் பற்றவைத்து, இருமி இருமிக் கண்ணீர் விட்டார். வெள்ளையம்மாள் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். வீடு திரும்பிய பிறகும் அவளுக்கு மோசமான நாட்கள் வந்தன. அப்படிப்பட்ட நாட்களில் புருஷனை அழைத்துக்கொண்டு தானே நடந்து வந்து அடுப்பருகில் உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் வார்டில் சமைக்கிறாள்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது நான்தான் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காசிம் பாய் எனக்கு விட்டுப்போன சொத்து அந்த ஒரு கேள்விதான். அவரைப் போல் நயமாகக் கேட்க எனக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வந்த மாதிரி கேட்டேன்.

"வெள்ளையம்மா, சாகணும்னு ஏதாவது தோணுதா?"

"இல்லீங்க டாக்டரம்மா. அழுவாச்சிதானுங்க வருது. அழுதுட்டு ஒலை வெக்க வாரேனுங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படீங்க இருக்குது?"

செய்தி வந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. அவள் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.