பேரில்லாத மாத்திரை

அந்தத் தீபாவளிக்குச் சின்னம்மாவின் கன்னங்கள் பூரித்து முகமே வட்டமாகியிருந்ததைப் பார்த்து, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். "ஈப்போவுல வேல பாக்குற அக்கா மகளோட கைராசிலா, ஒடம்பு எப்படித் தேறிடுச்சு பாரு," என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் காட்டிச் சொன்னாள். நானும் பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எழுபதுகளின் கடைசி அது. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் சின்னம்மா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால்வாளிகளை மாட்டிச் சுமந்து சுமந்து, தோளும் முழங்காலும் வீங்கிப் போயிருந்தன. சித்தப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலைக்கு ஆள் இல்லாத வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும்; மகளோ அப்போதுதான் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அவள் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை அந்த வீடு வேண்டும். அதற்குத் தினமும் விடிவதற்கு முன் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சின்னம்மா வரிசையில் நிற்க வேண்டும்.

தோட்டத்து மருந்து எதற்கும் வலி கேட்கவில்லை. ஈப்போவில் தட்டச்சு வேலை பார்த்த நான், சந்தையில் ஒருவன் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்ற மூட்டுவலி மாத்திரையை வாங்கிப் போனேன். மூன்றே நாளில் வீக்கம் வற்றிவிட்டது. "காலு என்னோடதுதானான்னு சந்தேகமா இருக்குலா," என்று சின்னம்மா வாசலில் நடந்து காட்டிச் சிரித்தார். அப்புறம் மாதாமாதம் சம்பளம் வாங்கியதும் எனக்கு முதல் வேலை அதுதான். நான்கு வருடங்களில் முகம் இன்னும் உருண்டது, கையும் காலும் குச்சியாயின, லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டோம். தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் தாளையே கிழித்துப்போடுகிற நான், பேரே எழுதாத அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் வாளியைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான். அப்புறம்தான் எக்ஸ்ரேயைப் பார்த்தார். முதுகெலும்புகளில் ஒன்று அமுங்கி உடைந்திருந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தானாகவே தேயும், வீக்கத்தை வற்ற வைக்கிற ஸ்டீராய்டு அதை இன்னும் வேகமாகக் கரைத்துவிடும், முகம் இப்படி உருண்டதும் அதனால்தான், சாப்பிட்டுவந்த மாத்திரையில் அது கலந்திருக்க வேண்டும் என்றார். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, ஆஸ்பத்திரியிலேயே அளந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். யார் வாங்கிக் கொடுத்தது என்று அவர் கேட்டபோது, நான்தான் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

கட்டிலருகே உட்கார்ந்து சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாப்பாவுக்குப் பரீட்ச எப்ப?"

"நவம்பர்ல, சின்னம்மா."

"இன்னும் மூணு மாசந்தானே இருக்கு. அந்த மாத்திரயக் கொண்டா. அது வரைக்கும் பெரட்டுக்கு நின்னுட்டேன்னா போதும். அப்பறம் எலும்ப வச்சிக்கிட்டு நான் என்னா செய்யப்போறேன்?"

நான் கொண்டு போகவில்லை. அடுத்த மாதமே தோட்டம் வீட்டைக் கேட்டது. ஈப்போவின் சிலிபின் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு மூவரும் வந்து சேர்ந்தோம். மகள் அங்கிருந்தே பரீட்சை எழுதினாள், தேறவில்லை. சின்னம்மா கூன் விழுந்த முதுகோடு எண்பதுகளின் நடுவரை இருந்தார்.

எனக்கும் இப்போது அவர் வயதாகிவிட்டது. அவர் எலும்பைக் கரைத்தவள் நான் என்று இத்தனை வருடமும் குமைந்திருக்கிறேன். மாத்திரை வாங்கிக் கொடுத்ததற்காகச் சின்னம்மா ஒருநாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. அந்த மூன்று மாதம் கொண்டு போகாததைத்தான் சாகும்வரை மன்னிக்கவில்லை.