கட்டைவிரல் இல்லாத பந்து

பந்தை உருட்டிவிட்டு மறுகோடியில் நிற்கிற கட்டைப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் கூடம். அதன் கடைசித் தடத்தை ஒட்டி, கழிப்பறைக்கு முன்னால் ஒரு சின்னக் கடை. அங்கே பந்துகளுக்குத் துளை போடுகிறவரைத் துளைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

வருகிறவரின் கையைப் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் பந்தைப் பற்றி வாயைத் திறப்பார். ஒரு கையால் எறிகிறவருக்கு மூன்று துளை: நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. அந்தப் பந்து அவ்வளவாகச் சுழலாது. அதனால் தடத்தைப் பிடித்துத் திரும்புகிற மாதிரி மேல்தோல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். இரண்டு கையால் எறிகிறவர் கட்டைவிரலை உள்ளே விடுவதில்லை, மறு கையால் தாங்கிக்கொள்வார். அவருக்கு இரண்டே துளை. பந்து பம்பரமாய்ச் சுற்றும் என்பதால் தோல் வழவழப்பாகவும், எடை ஒரு பவுண்டு குறைவாகவும் இருந்தால் போதும். இத்தனையும் பொறுமையாக விளக்கிவிட்டு, “ஆனா அது எறியறது இல்ல, அண்டாவைக் கவுக்கறது” என்று முடிப்பார். அதைக் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவார்.

அவர் மனைவிக்கு அதே கூடத்தில் ஆட வருகிறவர்களுக்கு வாடகைக் காலணி கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தம்பதி ஆட்டத்தில் இருவரும் இருபத்திரண்டு வருடமாக ஜோடி. வீட்டில் அவர்களுக்குள் பேச்சென்று பெரிதாக இல்லை. குழாய் ஒழுகுகிறது, உப்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் மட்டும் வாய் ஓயாது. விழுந்த பின்களையும் விழாத பின்களையும் பற்றித்தான். அதுவும் பேச்சுதானே.

மனைவி ஒருநாள் கட்டைவிரல் வலிக்கிறது என்றாள். துளைக்காரர் அவள் பந்தை வாங்கித் துளையை ஒரு நூல் பெரிதாக்கினார். மறுபடி சொன்னாள், மறுபடி பெரிதாக்கினார். மூன்றாம் முறை உள்விளிம்பையும் தேய்த்துக் கொடுத்து, “இனிமே பாரு, வெண்ணெயா வழுக்கும்” என்றார். வலி என்றால் அவருக்குத் துளையில் கோளாறு. வேறு வலி இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கடைக்குள் வந்து நின்றாள்.

“ஏங்க, மூட்டு தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு கையால எறியற மாதிரி ஒரு பந்து போட்டுக் குடுங்க. இல்லன்னா இனிமே நான் ஆட வரல.”

ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் மிஞ்சுவது குழாயும் உப்பும்தான். துளைக்காரர் அண்டா என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, “நாளைக்குத் தரேன்” என்றார்.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து துளை போட்டார். அவள் கைக்கு அளவெடுக்க வேண்டியதில்லை, மனப்பாடம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பந்தில் மூன்று துளை. மூன்றாவதை யார் போட்டது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

சற்று நேரத்தில் வந்த மனைவியும் பார்த்தாள். திட்டவில்லை.

“பழக்கதோஷம். அடைச்சுத் தரேன்” என்றார்.

“என் கையைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“உன் கையா? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.”

“அதான் கேக்கறேன்.” விளக்குக்குக் கீழே மேசைமேல் கையை வைத்தாள்.

கட்டைவிரலின் அடிப்பாகம் புடைத்து, விரல் உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முன்பின் தெரியாதவர்களின் கையையெல்லாம் பிடித்துப் பார்த்த மனுஷருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“எப்பலேருந்து இப்படி இருக்கு?”

“நீங்க முதல் தடவை துளையைப் பெருசாக்கினீங்களே, அதுக்கும் முன்னாலேருந்து.”

அவர் அந்தக் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக அளந்தார். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகும், அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. அலமாரியிலிருந்து பன்னிரண்டு பவுண்டில் வழவழப்பான புதுப் பந்து ஒன்றை இறக்கினார்.

“நீ இங்கயே நில்லு. ரெண்டாவது துளை முடிஞ்சதும் சுவிட்சை நீயே அணைச்சிடு. என்னை நம்பாதே” என்றார்.

அவள் அணைத்தாள்.

கடைசித் தடம் காலியாக இருந்தது. பந்தை இரண்டு கையாலும் ஏந்தி நாலடி நடந்து எறிந்தாள். முதல் பந்து நேராகத் தடத்தின் ஓரப் பள்ளத்துக்குள் இறங்கியது. இரண்டாவது ஒருவழியாகத் திரும்பிப் பின்களுக்குள் புகுந்தது. பாதிக்கு மேல் விழுந்தன. திரும்பி வந்தவளிடம் துளைக்காரர், “வலிச்சுதா?” என்றார். எத்தனை விழுந்தது என்பதைத் தவிர அந்த இடத்தில் அவர் வேறெதுவும் கேட்டதே இல்லை.

அவள் கட்டைவிரலை ஒரு தடவை நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

“இல்லீங்க. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடலாம். எனக்குப் பழகணும்.”